இழப்பை அளக்க வருபவர்

தென்காசிப் பக்கம் "சர்வேயர் வந்திருக்காரு" என்றால், வரப்பை அளந்து கல் போட வந்தவர் என்றுதான் முதலில் நினைப்பார்கள். இன்னொரு சர்வேயரும் உண்டு. கவிழ்ந்த லாரி, எரிந்த கடை, வெள்ளம் புகுந்த குடோன் என்று இழப்பு நடந்த இடத்துக்கே வந்து, போனது எவ்வளவு, அதில் பாலிசிப்படி கிடைக்க வேண்டியது எவ்வளவு என்று கணக்கிட்டு எழுதித் தருபவர். சட்டம் இவரைச் சர்வேயர், இழப்பு மதிப்பீட்டாளர் என்று சேர்த்தே சொல்கிறது. பொறியியல் படித்துவிட்டு ஊரிலேயே பிழைக்க வழி தேடும் பிள்ளைகளுக்கு இது ஏற்ற தொழில்தானா என்று என்னைக் கேட்டால், ஏற்றதுதான் என்பேன். ஆனால் அந்தத் தொழில் இன்று அமைந்திருக்கும் விதத்தில் ஒரு கோணல் இருக்கிறது. உள்ளே நுழைகிறவர் அதைத் தெரிந்துகொண்டு நுழைய வேண்டும்.

1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64யு.எம். பிரிவுதான் இந்தத் தொழிலுக்கு அடித்தளம். இழப்பு ஒரு குறிப்பிட்ட தொகையை எட்டிவிட்டால், உரிமம் பெற்ற சர்வேயரின் அறிக்கை இல்லாமல் கம்பெனி கிளைமைத் தீர்க்க முடியாது. நெடுங்காலம் அந்த எல்லை 20,000 ரூபாயாக இருந்தது. பிறகு வாகனங்களுக்கு 50,000, மற்றவற்றுக்கு 1 லட்சம் என்று உயர்ந்தது. உரிமம் தருவது ஐதராபாத்தில் இருக்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம். அதற்கு முன்னால் ஒரு மூத்த சர்வேயரிடம் ஓராண்டுப் பயிற்சி, தேர்வு, சர்வேயர்களுக்கென்று இருக்கும் நிறுவனத்தில் உறுப்பினர் சேர்க்கை எல்லாம் முடிந்திருக்க வேண்டும். தீ, வாகனம், சரக்கு, பொறியியல், பயிர் என்று துறைகள் தனித்தனி. எந்தத் துறைக்கு உரிமம் இருக்கிறதோ அதில் மட்டும்தான் கையெழுத்துப் போடலாம்.

இந்த ஏற்பாட்டின் பலத்தைப் புரிந்துகொள்ளக் கேரள எல்லையை ஒட்டிய புளியரை வரை போனால் போதும். 2024 பிப்ரவரி 25 அன்று நள்ளிரவுக்குப் பின், கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி ஒன்று அங்குள்ள எஸ் வளைவில் தடுப்பை உடைத்துக்கொண்டு கீழே ரயில் பாதையில் விழுந்தது. ஓட்டுநர் இறந்துபோனார். பக்கத்தில் குடியிருந்த வயதான தம்பதி இருட்டில் ஓடி, டார்ச் அடித்து, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். தமிழ்நாடு முழுக்க அவர்களைப் பாராட்டியது. இப்படி ஒரு விபத்தைக் காப்பீட்டுக் கண்ணால் பார்த்தால் அது ஒரே இழப்பாக இருக்காது. வண்டியின் சேதம் வாகன பாலிசியில் வரும். பலகைகளுக்குச் சரக்குப் பாலிசி வேண்டும், அதற்குச் சரக்குத் துறை உரிமம் உள்ள சர்வேயர். தண்டவாளத்துக்கு நேர்ந்தது மூன்றாம் நபர் சொத்துச் சேதம். ஓட்டுநரின் குடும்பத்துக்கான இழப்பீடு தனிச் சட்டம், தனி மன்றம். வண்டியின் வேகம், பாரத்தின் எடை, பிரேக் டிரம் காய்ந்திருந்ததா, ஓட்டுநரின் உரிமம் அந்த வகை வண்டிக்குச் செல்லுமா என்பதையெல்லாம் கிரேன் வந்து தூக்குவதற்குள் பார்த்துப் படம் எடுத்து எழுதிக்கொள்ள வேண்டும். ஸ்பாட் சர்வே என்பது இதுதான். மறுநாள் போனால் சாட்சி சொல்ல எதுவும் மிச்சமிருக்காது.

வெளியாள் ஒருவர், இரு தரப்பிலும் சேராதவர், கண்ணால் பார்த்து எழுத வேண்டும் என்று சட்டம் கேட்பதை நான் மிகவும் மதிக்கிறேன். இந்த வேலையில் தேறியவர்களின் பார்வையே வேறு மாதிரி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்கள் நான்கும் வெள்ளத்தில் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அதன்பின் ஒர்க்‌ஷாப்புகளில் வரிசையாக நின்ற கார்களில் சர்வேயர் என்ன செய்வார் தெரியுமா? முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றி ஈரத்தைத் தடவிப் பார்ப்பார். ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்ப்பார். எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. பிறகு உரிமையாளரிடம் ஒரே கேள்வி: "தண்ணி நிக்கும்போது சாவியைத் திருப்பினீங்களா?" திருப்பியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். வெள்ளம் புகுந்ததற்குச் சாதாரண முழுக் காப்பீட்டுப் பாலிசியே பணம் தரும். ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் போனதற்கு, இன்ஜின் பாதுகாப்புக்கென்று தனியாகப் பணம் கட்டியிருந்தால்தான் கிடைக்கும். அந்த ஒரு பதிலில் ஒரு குடும்பத்துக்கு லட்ச ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வந்துவிடலாம்.

கோணல் இங்கேதான் வருகிறது. கேள்வி கேட்கிற அந்த மனிதரைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது கம்பெனி. அவருக்குக் கட்டணம் தருவதும் கம்பெனி. அடுத்த மாதம் வேலை கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதும் அதே கம்பெனிதான். நடுநிலை என்று விதி எழுதியிருக்கலாம், ஆனால் வீட்டுக்கு அரிசி வருகிற வழி ஒரே பக்கத்திலிருந்துதான். "நீங்க கம்பெனி ஆளா சார்?" என்று கடைக்காரர்கள் கேட்பதில் தப்பே இல்லை. அமெரிக்காவில் இழப்பு அடைந்தவர் தன் சார்பில் ஒரு மதிப்பீட்டாளரை அமர்த்திக்கொள்ளலாம், அதற்கென்றே உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். நம்மிடம் அப்படி ஓர் உரிமமே கிடையாது. தென்காசியை அடுத்த மேலகரத்துக் கடைக்காரர் தன் இழப்பைத் தானே நிறுவ வேண்டும்.

நீதிமன்றங்கள் இதை ஓரளவு சரிசெய்திருக்கின்றன. சர்வேயர் அறிக்கை முக்கியமானது, ஆனால் அதுவே இறுதி வார்த்தை ஆகாது என்று 2009இல் பிரதீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஸ்ரீ வெங்கடேஸ்வரா சிண்டிகேட் வழக்கில், தனக்குப் பிடித்த அறிக்கை கிடைக்கும்வரை காரணமில்லாமல் ஒருவர் பின் ஒருவராகச் சர்வேயரை மாற்றக் கூடாது என்றும் சொன்னது. அப்படி மாற்றும் பழக்கம் இல்லாமலா வழக்கு அவ்வளவு தூரம் போயிருக்கும்?

புதிதாக வருகிறவருக்கு இந்தக் கோணல் முதல் ஆண்டிலேயே கையில் தட்டுப்படும். பயிற்சிக் காலத்துக்குச் சம்பளம் உண்டு என்று எந்த உறுதியும் இல்லை; கூட்டிப்போகிற மூத்தவர் மனம் வைத்தால் பெட்ரோல் காசு கிடைக்கும். அவர் எப்படிப்பட்டவரோ அப்படித்தான் பயிற்சியும் அமையும். சேதத்தை முழுதாகத் தேடி எழுதுகிறவரிடம் சேர்ந்தால் தேடக் கற்பார்கள், வெட்டுவதற்கு இடம் தேடுகிறவரிடம் சேர்ந்தால் வெட்டக் கற்பார்கள். தொகை எல்லை உயர்ந்ததால் சின்னக் கிளைம்கள் வெளியாளிடம் வருவது குறைந்தது. பம்பர் உடைந்தது, கண்ணாடி போனது போன்றவற்றைக் கம்பெனிகள் வீடியோவிலேயே பார்த்து முடித்துவிடுகின்றன. கத்துக்குட்டிகள் கைபழகியது அவற்றில்தான். இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. எளிய வேலையெல்லாம் கைபேசிக்குப் போய்விட்டால், எரிந்த மில்லைப் பார்க்க நாளைக்கு யார் தேறி வருவார்?

தேடுவதற்கும் வெட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் புரிய, குற்றாலத்தின் சீசன் கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் மெயினருவிப் பக்கம் தற்காலிகக் கடைகள் தீப்பிடித்து எரிந்தன. தகரமும் தார்ப்பாயும் போட்ட கடை, உள்ளே சிலிண்டர், எண்ணெய்ச் சட்டி, நேந்திரங்காய் சிப்ஸ் மூட்டை, பக்கத்தில் ரம்புட்டான் கூடை. இங்கெல்லாம் பாலிசி இருப்பதே அபூர்வம். இருந்தாலும் கொள்முதல் பாதி துண்டுச் சீட்டில், மீதி நம்பிக்கையில். சீட்டும் கடையோடு எரிந்துபோயிருக்கும். சாம்பலில் எத்தனை கூடை இருந்தது என்று எப்படி எழுதுவது? சரக்குப் போட்டவரின் புத்தகம், வங்கிக் கணக்கு, முந்தின வாரத்து வாட்ஸ்அப் படம் என்று தேடிப் போனால் கணக்கு கிடைக்கும். தேடாமல் "ஆவணம் இல்லை" என்று ஒரு வரி எழுதினாலும் அறிக்கை முடிந்துவிடும். இரண்டுக்கும் கட்டணம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது இந்த அமைப்பின் பெரிய குறை.

சர்வேயர் களத்தில் சந்திக்கும் இன்னொரு சிக்கல், குறைவான தொகைக்குக் காப்பீடு செய்வது. 12 லட்சம் ரூபாய்ச் சரக்கை 6 லட்சத்துக்கு எழுதி வைத்தவர், 4 லட்சம் எரிந்தால் 4 லட்சம் வரும் என்று நம்பிக்கொண்டிருப்பார். விகிதப்படி 2 லட்சம்தான் கணக்காகும். 2021 ஏப்ரல் முதல் சிறு தொழில்களுக்கு வந்த பாலிசியில் 15 சதவீதம் வரை குறைவாக இருந்தால் வெட்டக் கூடாது என்ற சலுகை உண்டு. பாலிசி விற்றவர் விளக்காமல் போனதை, கரி படிந்த தரையில் நின்றுகொண்டு சர்வேயர்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

எனக்குத் தெரிந்த மூத்த சர்வேயர் ஒருவர் அறிக்கையை அனுப்புவதற்கு முன் கணக்குத் தாளைக் கடைக்காரர் முன்னால் விரித்து வைப்பார். "அண்ணாச்சி, இது கழிஞ்சது தேய்மானம். இது உங்க பில்லுல இல்லாதது. எங்கயாவது விட்டிருந்தா இப்பமே சொல்லுங்க." சில நேரம் அண்ணாச்சி எழுந்து உள்ளே போய், பழைய காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்திருந்த கொள்முதல் கணக்கை எடுத்துக்கொண்டு வருவார். இவர் பேனாவைத் திறந்து அந்தத் தொகையைச் சேர்த்துக்கொள்வார். அறிக்கையின் நகலைக் கம்பெனியிடம் கேட்டு வாங்கலாம் என்பதையும், ஒத்துவராவிட்டால் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு ஊரிலிருந்தே எழுதலாம் என்பதையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பைக்கை எடுப்பார். அவரிடம் இப்போது தென்காசிப் பையன்கள் இரண்டு பேர் பயிற்சியில் இருக்கிறார்கள்.