எண்ணே தலைப்பாக: 'டெக்கலாக்' தொடரும் பத்துக் கட்டளைகளும்

ஒரு படைப்பிற்குப் பெயரிடுவது அதற்குப் பொருள் கூறுவதன் முதற்படியாகும். தொலைக்காட்சித் தொடர்களில் இவ்வுண்மை மேலும் தெளிவாகத் தோன்றுகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் தனித் தலைப்பு இடுவோர், பார்ப்பவர் எதை எதிர்பார்த்து அமர வேண்டும் என்பதை முன்னரே வரையறுத்துவிடுகின்றனர். திருமறைப் பகுதியை வாசித்து, அதற்கு ஒரு தலைப்பிட்டு, அதன்பின் அருளுரை ஆற்றும் நமக்கும் இப்பணி புதிதன்று. ஆகவே, தலைப்பு இடும் பொறுப்பை ஆழ்ந்து உணர்ந்த ஒரு தொடரை இறையியல் நோக்கில் ஆராய்வது பயனுடையதாகும்.

போலந்து நாட்டு இயக்குநர் கிறிஸ்டோஃப் கீஸ்லோவ்ஸ்கி (1941–1996), வழக்கறிஞரான கிறிஸ்டோஃப் பியசெவிச்சுடன் இணைந்து எழுதி இயக்கியது 'டெக்கலாக்' என்னும் தொடர். போலந்துத் தொலைக்காட்சிக்கென எடுக்கப்பட்ட பத்துப் படங்கள் இதில் அடங்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடுவது. 1989இல் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட பின்னர், அவ்வாண்டு டிசம்பர் முதல் 1990 வரை இவை ஒளிபரப்பாயின. கதைமாந்தர் பெரும்பாலோர் வார்சா நகரின் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்பவர்கள். ஒரு படத்தின் தலைமை மாந்தர் மற்றொரு படத்தில் வழிப்போக்கராகக் கடந்து செல்வதுண்டு.

இப்பத்துப் படங்களின் தலைப்புகள் யாவை? 'டெக்கலாக், ஒன்று', 'டெக்கலாக், இரண்டு' எனப் பத்துவரை செல்லும் எண்களே. திரையில் வேறு விளக்கம் இல்லை. ஆயினும், பிற நாடுகளில் இப்படங்களைப் பட்டியலிட்டோர் பலர் ஒவ்வோர் எண்ணின் கீழும் அதற்குரிய கட்டளையை எழுதிச் சேர்த்துள்ளனர். பார்ப்பவருக்கு உதவும் நல்ல நோக்கம் அது. எனினும், அவ்வுதவியால் படம் சிறுத்துப்போகிறது என்பதே என் கருத்து.

முதலில் சொல்லின் மூலத்தைக் காண்போம். 'டெக்கலாக்' என்பது கிரேக்கத்தில் 'பத்து' எனவும் 'வார்த்தை' எனவும் பொருள்படும் இரு சொற்களின் கூட்டு. எபிரெயத் திருமறையும் 'பத்து வார்த்தைகள்' என்றே கூறுகிறது (யாத். 34:28, உபா. 4:13, 10:4). நம்மிடையே வழங்கும் 'கற்பனைகள்', 'கட்டளைகள்' என்னும் சொற்கள் ஆணையின் கடுமையை முன்னிறுத்துகின்றன. 'வார்த்தை' என்பதோ பேசுகிறவர் ஒருவரையும் கேட்கிறவர் ஒருவரையும் நினைவூட்டுகிறது. அன்றியும், வார்த்தைகள் பத்து என்று கூறும் திருமறை, எது முதலாவது, எது இரண்டாவது என்று எண்ணிட்டுக் காட்டவில்லை. எண்ணிட்டவை சமய மரபுகளே. அவை ஒரே வகையாக எண்ணிடவும் இல்லை.

யூத மரபு, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுவித்த கடவுளின் தன்னறிமுகத்தையே முதல் வார்த்தையாகக் கொள்கிறது. சீர்திருத்த சபையினரும் ஆங்கிலிக்கரும் சிலைகளைப் பற்றிய தடையைத் தனியே இரண்டாம் கட்டளையாக எண்ணுகின்றனர். கத்தோலிக்கரும் லுத்தரன் சபையினரும் அதனை முதற்கட்டளையில் அடக்கி, இச்சையைப் பற்றிய இறுதித் தடையை இரண்டாகப் பிரிக்கின்றனர். இவ்விருவரிடையேயும் ஒரு வேறுபாடு உண்டு. உபாகமம் 5இன் வரிசையில் பிறன் மனைவி முதலில் வருகிறாள். கத்தோலிக்க ஒன்பதாம் கட்டளை அதுவே. யாத்திராகமம் 20இன் வரிசையில் பிறன் வீடு முதலில் வருகிறது. லுத்தரின் ஞானோபதேசம் அதனைப் பின்பற்றுகிறது. கீஸ்லோவ்ஸ்கியின் எண்கள் போலந்து மக்கள் சிறுவயதில் மனனம் செய்த கத்தோலிக்க எண்களாகும்.

இவ்வேறுபாடு நம் நாட்டுத் திருச்சபைகளிலும் உண்டு. சில ஆண்டுகளுக்குமுன் இறையியல் மாணவர் சிலரோடு இத்தொடரைப் பார்த்தேன். ஐந்தாம் படம் முடிந்ததும் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஒருவர், "ஐயா, இதில் தாய் தகப்பனைக் கனம்பண்ணுவது எங்கே வருகிறது?" என்று கேட்டார். அவர் கண்டது ஒரு கொலையும் ஒரு தூக்குத் தண்டனையும். லுத்தரன் சபை மாணவர் ஒருவர் புன்னகைத்தார். ஒன்பதாம் படத்தில் அவரும் திகைத்தார். இருவரும் பின்னர்த் திருமறையைத் திறந்து இரு அதிகாரங்களையும் ஒப்பிட்டு வாசித்தனர். தலைப்பில் கட்டளை முழுவதும் எழுதப்பட்டிருந்தால் அவ்வாசிப்பு நிகழ்ந்திராது. எண் கேள்வியை எழுப்புகிறது. வாசகமோ அதனை அடைத்துவிடுகிறது.

இதன் ஆழத்தை எட்டாம் படத்தில் காணலாம். சோஃபியா என்னும் முதிய பேராசிரியை பல்கலைக்கழகத்தில் அறவியல் கற்பிக்கிறார். எல்ஷ்பியெட்டா என்னும் பெண் அமெரிக்காவிலிருந்து வந்து வகுப்பில் அமர்ந்து ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். 1943இல் ஒரு யூதச் சிறுமிக்குப் புகலிடம் கிடைக்க ஞானஸ்நானச் சான்று தேவைப்பட்டது. ஞானப்பெற்றோராக நிற்க இசைந்திருந்த தம்பதியர், பொய்ச்சாட்சி கூறத் தங்கள் விசுவாசம் இடந்தராது என்று இறுதி வேளையில் மறுத்துவிட்டனர். அச்சிறுமி எல்ஷ்பியெட்டாவே, மறுத்தவர் சோஃபியாவே. பின்னர் உண்மைக் காரணம் வெளியாகிறது. அச்சிறுமியை ஏற்கவிருந்தோர் கெஸ்டபோவின் கையாட்கள் என்றொரு செய்தி வந்திருந்தது, அச்செய்தி பொய்.

'பொய்ச்சாட்சி சொல்லாதே' என்று இப்படத்திற்குத் தலைப்பிட்டால், எந்தப் பொய்யை அது சுட்டும்? குழந்தையைக் காக்கக் கூறவேண்டியிருந்த பொய்யையா? கட்டளையையே சாக்காகக் காட்டிய பொய்யையா? பிறரைக் குறித்து நம்பப்பட்ட பொய்ச் செய்தியையா? திருமறை பிறனுக்கு விரோதமான பொய்ச்சாட்சியையே தடுக்கிறது. இங்கோ கட்டளையே பிறனுக்கு விரோதமாக எடுத்துக்கூறப்பட்டது. எட்டு என்னும் எண் இம்மூன்றையும் ஒருங்கே தாங்குகிறது.

மேலும், அதே வகுப்பறையில் ஒரு மாணவி இரண்டாம் படத்தின் கதையை அறச்சிக்கலாக எடுத்துரைக்கிறார். அதில் கணவன் மருத்துவமனையில் சாகுந்தறுவாயில் கிடக்க, மனைவி வேறொருவரின் குழந்தையைச் சுமக்கிறாள். கணவன் பிழைப்பானாயின் கருவை அழித்துவிடுவதாகக் கூறி மருத்துவரிடம் விடை கேட்கிறாள். அவன் பிழைக்கமாட்டான் என்று அவர் ஆணையிட்டுக் கூறுகிறார், குழந்தை காக்கப்படுகிறது, கணவனும் பிழைக்கிறான். வீணாக ஆணையிடுதல் பற்றிய இக்கதை, பொய்ச்சாட்சி பற்றிய படத்தில் மீண்டும் பேசப்படுவது தற்செயல் அன்று. மனித வாழ்க்கையின் ஒரு நிகழ்ச்சி ஒரே கட்டளைக்குள் அடங்கி நிற்பதில்லை என்பதைத் தொடரே உணர்த்துகிறது.

தலைப்பு மாறும்போது பொருளும் மாறும் என்பதற்கும் இத்தொடரிலேயே சான்று உண்டு. ஐந்தாம், ஆறாம் படங்கள் 1988இல் திரையரங்குகளுக்கென நீண்ட வடிவிலும் வந்தன. அங்கே அவற்றின் பெயர்கள் 'கொலையைப் பற்றிய ஒரு குறும்படம்', 'காதலைப் பற்றிய ஒரு குறும்படம்' என்பன. ஆறாம் படத்தில், அஞ்சல் நிலையத்தில் பணிபுரியும் இளைஞன் டோமெக், எதிர்வீட்டு மாக்தாவைத் தொலைநோக்கி வழியே நாள்தோறும் பார்க்கிறான். அவளால் இழிவுபடுத்தப்பட்டுத் தன் மணிக்கட்டை அறுத்துக்கொண்டு, உயிர் பிழைக்கிறான். தொலைக்காட்சி வடிவின் இறுதியில், இனி அவளைப் பார்ப்பதில்லை என்று அவன் கூறுகிறான், படம் முடிகிறது. காதல் என்று பெயரிடப்பட்ட வடிவிலோ, மாக்தா அதே தொலைநோக்கி வழியே தன் துயரையும் அதில் தனக்கு ஆறுதலாக நிற்கும் அவனையும் காண்கிறாள். எண் தீர்ப்பின்கீழ் நிறுத்தியது. பெயர் ஆறுதல் தந்தது. எண்ணுள்ள வடிவே கடுமையானது, நேர்மையானது என்பேன்.

ஐந்தாம் எண்ணோ அரசையும் விட்டுவைக்கவில்லை. யாசெக் என்னும் இளைஞன் வாடகைக் காரோட்டி ஒருவரைக் கொல்கிறான். சட்டம் அவனைத் தூக்கிலிடுகிறது. இரு கொலைகளுக்கும் தலைப்பு ஒன்றே. போலந்தில் இறுதியாகத் தூக்கு நிறைவேற்றப்பட்டதும் 1988இல்தான்.

இத்தொடரிடம் குறை இல்லையா? உண்டு. விடுதலையின் அறிவிப்பே பத்து வார்த்தைகளின் தொடக்கம். யூத மரபு முதலாவதாக எண்ணும் அவ்வார்த்தைக்கு இத்தொடரில் தனிப்படம் இல்லை. எகிப்து உண்டு, செங்கடல் இல்லை. முதற்படத்தில், கணிப்பொறியின் கணக்கை நம்பிப் பனிக்கட்டிமேல் சென்ற மகனை இழக்கும் தந்தையின் அழுகையே நம் நினைவில் நிற்கிறது. ஆயினும், அப்படத்திலேயே ஒரு சிறு காட்சி உண்டு. கடவுள் யார் என்று கேட்ட சிறுவனை அவனுடைய அத்தை அணைத்துக்கொண்டு, இப்போது என்ன உணர்கிறாய் என்று வினவுகிறார். அவரை நேசிப்பதாகச் சிறுவன் கூற, கடவுள் அதில் இருக்கிறார் என்கிறார். தொடரில் முன்னுரையை ஓரளவு ஈடுசெய்வது இக்காட்சி. ஆனால் அது போதாது. கட்டளைக்கு முன் கிருபை நிற்கிறது என்பதைத் திருச்சபையே எடுத்துச் சொல்ல வேண்டும்.

இறுதியாக நம்மைப் பற்றி ஒன்று. எண்ணைத் தலைப்பாக இட்டவர், அதைக் கேட்டதும் நினைவுகூரக்கூடிய ஒரு மக்களை நம்பி இட்டார். நம் சபைகளில் "ஏழாவது எது?" என்று கேட்டால் எத்தனை பேர் விடை கூறுவர்? மனனம் செய்யாத மக்களுக்கு எண் ஊமையாகும். அதன்பின் நாம் பெரிய எழுத்தில் கட்டளைகளை எழுதி, பிறருடைய வாழ்க்கைகளின்மேல் ஒட்டத் தொடங்குகிறோம். ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகளுக்கு வார்த்தைகளைக் கற்பிப்போமாக. பிரசங்க பீடத்திலோ, ஒரு மனிதரின் துயரத்திற்குத் தலைப்பிடுமுன் எட்டாம் படத்தின் சிறுமியை நினைவில் கொள்வோமாக. அவளை வாசலிலிருந்து திருப்பியனுப்பியவர்கள் கட்டளையை அறியாதவர்கள் அல்லர்; அதை நன்றாக எடுத்துக்கூறத் தெரிந்தவர்கள்.