ஃபூஜியைப் பார்த்தபடி ஒரு கடைத்தெரு

ஜப்பானின் கோதெம்பா ஊரில், பிராண்டுச் சரக்கைத் தள்ளுபடியில் விற்கும் அவுட்லெட் மால் திறந்தது 2000ஆம் ஆண்டு ஜூலையில். அதற்கு முந்தைய ஆண்டு மூடப்பட்ட ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் நிலம் அது. பூங்காவின் 50 மீட்டர் உயர ராட்டினத்தை இடிக்காமல் விட்டுவைத்தார்கள். அந்த ஒரு முடிவுக்காகவே எனக்கு இந்த இடத்தைப் பிடிக்கும்.

கூரை போட்ட மாலுக்குள் பகலா இரவா என்றே தெரியாது. இங்கே கடைக்குக் கடை வானத்தின் கீழ்தான் நடக்க வேண்டும். நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. அதன் மேல் நீண்ட பாலம். மேகம் விலகினால் பாலத்திலிருந்து ஃபூஜி மலை முழுசாகத் தெரியும். கையில் பைகளோடு விரைகிறவர்களும் அங்கே நின்றுவிடுகிறார்கள். 2020இல் ஹில் சைடு என்ற புதிய பகுதியும் சேர்ந்தது.

சரக்கு விஷயத்துக்கு வருவோம். போன பருவத்தின் கோட்டு, சில அளவுகள் மட்டுமே மிஞ்சிய காலணி, அவுட்லெட்டுக்கென்றே தைத்த சட்டை எல்லாம் கலந்தே இருக்கும். லேபிளைத் திருப்பிப் பார்த்து, தையலை விரலால் தடவி வாங்குவதே நல்லது. நகரத்துக் கடைகளின் முழுவிலை விற்பனை கெடக்கூடாது என்றுதான் இத்தகைய மால்களைத் தொலைவில் கட்டும் வழக்கம் வந்தது. வியாபாரக் கணக்குதான். ஆனால் அந்தத் தொலைவால்தான் கோதெம்பாவுக்கு மலைக்காற்றும் இந்தக் காட்சியும் கிடைத்தன. டோக்கியோவிலிருந்து நேரடிப் பேருந்து உண்டு. காலையிலேயே கிளம்புங்கள், மதியத்துக்குள் ஃபூஜியை மேகம் மூடிவிடக்கூடும்.