அறை இல்லாத கிற்றார்

கிராண்ட்பாஸ் வீதியில் வீரகேசரிப் பணிமனையைத் தாண்டி ஆற்றுப் பக்கமாக நடந்தால், சனிக்கிழமை மாலைப் பூசை முடிந்த நேரத்தில் எங்கோ ஒரு ஒழுங்கைக்குள் இருந்து கிற்றார் கேட்கும். கேட்கும் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அண்மையில் மூன்று சனிக்கிழமைகள் இதற்காகவே நடந்து பார்த்தேன். ஓட்டோ ஹோர்ன், மஃரிப் பாங்கு, யாரோ வீட்டு டிவியில் சிங்கள நாடகம். கிற்றார் இல்லை. வாசிக்கும் பிள்ளைகள் குறைந்துவிட்டார்களா என்றால் அதுவும் இல்லை. எனக்குப் பழக்கமான வீடுகளில் முன்னரை விட இப்போதுதான் அதிகம் கிற்றார்கள் சுவரில் தொங்குகின்றன. வாசிக்கிறார்கள், வெளியே கேட்பதில்லை. ரொக் இசையின் எதிர்காலம் பற்றிய பேச்சை நான் இந்த இடத்திலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

அந்த இசைக்கு மரண அறிவித்தல் எழுதுவது பழைய தொழில். 1962இல் டெக்கா நிறுவனம் பீட்டில்ஸைத் திருப்பி அனுப்பியபோது, கிற்றார்க் குழுக்களின் காலம் முடிகிறது என்று காரணம் சொன்னதாக ஒரு கதை உண்டு. சொன்னதாகக் கூறப்பட்டவர் பின்னர் மறுத்தார். 2017இல் அமெரிக்காவில் ஹிப் ஹொப்பும் ஆர் அன்ட் பீயும் சேர்ந்து கேட்போர் கணக்கில் ரொக்கை முந்தின. மறு வருடம் மே மாதம் கிப்சன் கம்பனி வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது. சரி, முடிந்தது என்று எல்லோரும் எழுதி ஓய்வதற்குள் கொரோனா வந்தது. வீட்டுக்குள் அடைபட்ட சனம் கிற்றார் வாங்கியதில் 2020இல் ஃபெண்டர் தன் வரலாற்றிலேயே பெரிய விற்பனையைக் கண்டது. இவையெல்லாம் கடைக் கணக்கு. கருவி விற்பதும் இசை பிழைப்பதும் ஒன்றல்ல.

ரொக் எங்கிருந்து வந்தது என்பதை இதைவிட நன்றாகச் சொல்வது டோனி அயோமியின் விரல்கள். பேர்மிங்ஹாம் தகரத் தொழிற்சாலையொன்றில் 17 வயதில் இயந்திரத்துக்கு இரண்டு விரல் நுனிகளைக் கொடுத்தவர். பிளாஸ்டிக் போத்தலை உருக்கித் தொப்பி செய்து விரலில் மாட்டினார். பின்னர் நரம்புகளின் இறுக்கத்தைத் தளர்த்தி வாசித்தார். சுருதி இறங்கியது. பிளாக் சபாத்தின் அந்தக் கனத்த ஒலிக்கு அதிலும் ஒரு பங்கு உண்டு. 2025 ஜூலை 5 அன்று அதே ஊரில் அவர்கள் கடைசி மேடை ஏறினார்கள். 17 நாளில் பாடகர் ஒஸி ஒஸ்போர்ன் இறந்தார். இரும்புச் சத்தத்துக்குள் வளர்ந்தவன் அதைவிடப் பெரிய சத்தம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொண்ட கதை அது. பழைய சோனகத் தெருவின் இரும்புக் கடைகளைக் கடந்து பள்ளிக்கூடம் போன எங்களுக்கு அது அந்நியக் கதையே அல்ல. ஆனாலும் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு தமிழ் ரொக் வரவில்லை. ஏன்?

இங்கே கிற்றார் இரண்டு வாசலால் வந்தது. ஒன்று கோயில். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்குக் கதவு திறந்த பிறகு, லத்தீன் விலகித் தமிழும் சிங்களமும் பூசைக்கு வந்தன. ஓகனுக்குப் பக்கத்தில் கிற்றாரும் வந்து நின்றது. மற்றது பைலா. பொலிஸில் வேலை செய்த வொலி பெஸ்டியன் அந்த ஆறு-எட்டுத் துள்ளலை ஊரெல்லாம் பாடவைத்தார். 1960களின் பிற்பகுதியில் கிளாரன்ஸ் விஜேவர்தன மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு மின்கிற்றாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். ஏறக்குறைய அதே காலத்தில் நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ பாடினார், பிறகு ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ கடல் தாண்டியது. கோயிலும் பைலாவும் சேர்ந்து பெற்ற பிள்ளைதான் வடகொழும்பின் பெருநாள் இரவு ‘பேண்ட்’. கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதி, கிராண்ட்பாஸ் என்று எங்கே மேடை போட்டாலும் ஒரு பாட்டு முடியாமலே அடுத்ததற்குத் தாவும் நொன்ஸ்டொப்.

இந்த நொன்ஸ்டொப்பை இகழ்கிறவர்கள் அதை வாசித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். என் பெரியம்மாவின் மகன் நடத்திய குழுவில் நான்கு வருடம் ரிதம் கிற்றார் பிடித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். மேடையில் தாளும் கிடையாது, குறிப்பும் கிடையாது. மாமா ஒருவர் இரண்டு கிளாஸ் உள்ளே தள்ளிவிட்டு மைக்கைப் பிடித்தால், அவர் எந்தச் சுருதியில் எடுக்கிறாரோ அந்தச் சுருதிக்கு நாலு அடிக்குள் போய்ச் சேர வேண்டும். “தம்பி, பிழைச்சாலும் பரவாயில்லை, கை நிக்கக் கூடாது” என்பார் அண்ணா. அந்த வலது கைப் பயிற்சியை எந்தச் சங்கீதப் பள்ளியும் தராது. அதோடு மூன்று மொழி. ஒரே இரவில் சிங்கள பைலா, இளையராஜா, ஈகிள்ஸ். ‘ஹோட்டல் கலிபோர்னியா’வின் முடிவில் இரண்டு கிற்றார்கள் பின்னிப்போகும் பகுதியை, கையில் ஒரே லீட் கிற்றார் இருந்ததால் பாதியை ஓகனுக்குக் கொடுத்துச் சமாளிப்போம். பற்றாக்குறையிலிருந்து பிறந்த அந்த ஏற்பாடு, சில நாட்களில் அசலைவிட நன்றாக இருந்தது என்று இப்போதும் வாதிடுவேன். கிற்றாரைத் தகப்பனிடமிருந்து மகனுக்குக் கை மாற்றிய பெருமை இந்த நொன்ஸ்டொப்புக்கே உரியது.

அதன் குறையும் இதே இடத்தில்தான். நாலு வருடத்தில் நாங்கள் ஒரு பாட்டுக்கூடச் சொந்தமாகச் செய்யவில்லை. செய்யலாம் என்று தோன்றவும் இல்லை. எங்கள் லீட் கிற்றார்காரனுக்குக் கிடைத்த உச்சப் புகழ்ச்சி “அப்படியே கசட்டிலே கேட்ட மாதிரி” என்பது. அவனும் அதைக் கேட்டுப் பூரித்தான். யாருடைய கைவண்ணத்தையோ அச்சுப் பிசகாமல் திரும்பச் செய்வதே திறமை என்றான பிறகு, தனக்கென்று சொல்ல ஏதும் இருக்கிறதா என்று ஒருவன் தேடிப் பார்க்கவே மாட்டான். இன்னொன்று: பூசையில் கிற்றார் வாசித்த பெண்பிள்ளைகள் எங்கள் பங்கிலேயே ஏழெட்டுப் பேர். பெருநாள் மேடையில் ஒருத்தி இல்லை. இரவு, குடி, ஊர்வாய். கோயில் மாடியில் முறையாகக் கோர்ட்ஸ் கற்ற கைகளில் பாதியை மேடை இப்படித் தள்ளிவிட்டது.

மொழியில் குற்றம் சொல்வோர் உண்டு. தமிழ் ரொக்குக்கு ஒத்துவராது, சொற்கள் உகரத்தில் குழைந்துவிடும் என்பார்கள். வல்லினத்தை மறந்தவர்கள் பேசும் பேச்சு. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் பறையையும் மின்கிற்றாரோடு சேர்த்துச் சாதியைக் கேள்வி கேட்டது, சொற்கள் குழையவில்லை. எங்கள் பொப்பிசை அப்படி ஒரு கோபத்துக்குப் போகவே இல்லை. கள்ளுக்கடை, மாமி, கேலி, ஒரு சின்னக் கண்டிப்பு என்று சிரித்துக்கொண்டே நின்றுவிட்டது. அந்தப் பாட்டுகளை நான் நேசிக்கிறேன். ஆனால் மனோகரனும் நித்தியும் திறந்த வாசலில் அடுத்தவர் யாரும் நுழையவில்லை என்பதை நேசம் மறைக்கக் கூடாது.

நுழையாததற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல. 1983 ஜூலைக்குப் பிறகு கொழும்பில் தமிழில் சத்தம் போடுவது இலகுவான காரியமாக இருக்கவில்லை. பஸ்ஸில் மெல்லப் பேசு, ரேடியோவைக் குறை என்று சொல்லி வளர்த்தார்கள். நீளமான கறுப்புப் பையோடு சோதனைச்சாவடிக்குப் போனால் முதலில் நிறுத்தப்படுவது நான்தான். பையைத் திறந்து, கிற்றாரைத் திருப்பிக் காட்டி, ஒருமுறை ஒரு சுராங்கனியும் வாசித்துக் காட்டினேன். சிப்பாய் சிரித்தான், நானும் சிரித்தேன். அடுத்த வாரம் அந்தப் பையை அண்ணா வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். சத்தமாக இருக்க அஞ்சும் சமூகத்தில் ரொக் எப்படி முளைக்கும்? கொழும்பின் ஆங்கில மெட்டல் குழுக்கள், 1990களின் கடைசியில் தொடங்கிய ஸ்டிக்மாட்டா போன்றவை, சொந்தப் பாட்டுகளோடு ஒரு இரசிகர் கூட்டத்தையே உருவாக்கின. அங்கே போய்ப் பார்த்திருக்கிறேன், வியந்திருக்கிறேன். ஆனால் அது நகரின் வேறு பக்கம், வேறு மொழி, வேறு வீடுகள். அந்த வீடுகளில் கராஜ் இருந்தது.

அறைதான் விஷயம். நாலு பேர் கூடி, பிழை விட்டு, சத்தம் போட்டு, சண்டை பிடித்துப் பழக ஓர் இடம் வேண்டும். எங்கள் காலத்தில் தோட்டத்து வீடுகளின் நடுவே ஒரு பொது முற்றமாவது இருந்தது. அதையும் புகழ்ந்து தள்ள நான் தயாரில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் எங்கள் ட்ரம்ஸ் எத்தனை கைக்குழந்தைகளை எழுப்பியிருக்கும், எத்தனை பேரின் ஓ.எல். பரீட்சையைக் கெடுத்திருக்கும்! இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2007இல் உயர் நீதிமன்றம் கட்டுப்படுத்தியபோது, மேடைக்காரர்கள் புலம்பினார்கள். என் அம்மா நிம்மதியாகத் தூங்கினார். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. பிறகு 2010க்குப் பின் நகர அபிவிருத்தி அதிகாரசபை தோட்டங்களை எடுத்து மாடிக் குடியிருப்புகளுக்குச் சனத்தை மாற்றத் தொடங்கியது. குழாய்த் தண்ணீரும் தனிக் கழிவறையும் கிடைத்தன, முற்றம் போனது.

எனவே ராப் வென்றதை நான் தலைமுறை ரசனையாக மட்டும் பார்ப்பதில்லை. கிரிஷான் மகேசன் 2000களில் கொழும்பிலிருந்து தமிழில் ராப் செய்தபோது, பொப்பிசை தொடாத கோபத்துக்கும் ஊர்ப் பெருமைக்கும் ஒரு குரல் கிடைத்தது. ராப்புக்கு வேண்டியது ஒரு பீட், ஒரு மைக், வாய். போர்வைக்குள் இருந்துகூடப் பதிவு செய்யலாம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டி, கரண்ட் ஒரு நாளில் 13 மணி நேரம் போனபோது, அம்பும் ட்ரம்ஸும் கொண்ட ஒரு குழுவை நடத்துவது யாருக்கு முடியும்? வெளிநாட்டிலிருந்து வரும் நரம்புக்கட்டு ஒன்று வாங்கவே யோசிக்க வேண்டியிருந்தது.

என் அண்ணாவின் மகனுக்கு இப்போது 16. ஒன்பதாம் மாடி. அவன் அப்பா ஆயுளில் தொடாத வேகத்தில் மெட்டாலிக்கா வாசிக்கிறான், யூடியூப் தந்த கை. கிற்றாரிலிருந்து ஒரு வயர் போனுக்கு, போனிலிருந்து ஒரு வயர் காதுக்கு. நான் பக்கத்தில் உட்கார்ந்தபோது நரம்பில் பிக் படும் டிக் டிக் மட்டும்தான் கேட்டது, தையல் மெசின் மாதிரி. பேஸ் வாசிக்க யாரும் இல்லையா என்று கேட்டேன். “அஞ்சாம் மாடியில ஒருத்தன் வாசிக்கிறான் சித்தப்பா, இன்ஸ்டாவில பார்த்தன்” என்றான். சேர்ந்து வாசித்தீர்களா? இல்லை. எங்கே வாசிப்பது? மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு. கீழே உள்ள பொது மண்டபத்துக்கு நேரம் எடுக்க வேண்டும். ஞாயிறு நாலிலிருந்து ஆறு வரைதான் காலி. அந்த நேரம் அவனுக்கு மெத்ஸ் டியூஷன்.

அண்ணா அலுமாரிக்கு மேலிருந்து தன் பழைய அம்பை இறக்கித் தூசி தட்டினார். மண்டபத்துச் சாவி வைத்திருப்பவரின் நம்பரை யாரிடமோ கேட்டு என் போனில் பதிந்துகொண்டேன். டியூஷன் சேர் நேரம் மாற்றுவாரா என்று அண்ணி கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.