தூணும் முற்றமும்

கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் வரிசையாய் நின்ற நான்கு சிறுவீடுகளுள் ஒன்றிலே கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1958இல் குடிபுகுந்தார். பத்தாண்டுகளுள் நான்கையும் இணைத்து ஓரில்லமாக்கினார். நெருக்கமான அம்மனைக்குள் ஒளியையும் காற்றையும் இறக்குபவை சிறு முற்றங்கள். செட்டிநாட்டிலிருந்து வந்த பழைய தூண்கள் அவற்றோடு சேர்ந்தே பொருள் பெறுகின்றன. இன்றைய 'இயற்கை' அலங்காரமோ தூணை மட்டும் விலைக்கு வாங்குகிறது. முற்றத்தை மூடிக் குளிரூட்டியைப் பொருத்துகிறது. கடைதோறும் ஒரே அச்சில் விற்கும் பிரம்பு நாற்காலியைத் தனித்துவம் என்கிறது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் நெல் உலர்ந்ததும் மணவறை அமைந்ததும் முற்றத்திலேயாம். மரத்தைவிட அப்புழக்கமே வீட்டுக்கு இதம் தந்தது. தூண் பெயர்க்கப்பட்ட வீடுகளிலும் அத்தகைய புழக்கம் இருந்திருக்கும். அவ்வீட்டார் என்னவாயினர் என வினவுவாரில்லை; இவ்வினா பாவாவையும் நோக்கியதே.