பல பெட்டியில் பிறந்த ஒரே கார்

மேசை மேல் ஒரு சாணுக்கும் குறைந்த நீளத்தில் ஒரு ஹொட் ரொட் மாதிரி; வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய காரின் சிறு பிளாஸ்டிக் வடிவம், பல மாதிரிப் பெட்டிகளின் பாகங்களைச் சேர்த்து ஒட்டியது. உடல் ஒரு பெட்டியில் வந்த 1932 போர்ட். எஞ்சின் வேறொரு பெட்டி. சக்கரங்கள் மூன்றாவது பெட்டி. பார்த்தவுடன் கண் பெயின்ட் பளபளப்பில்தான் விழும். அதைக் கடைசிக்கு வையுங்கள். அந்நியமான பாகங்கள் சந்திக்கும் இடத்தில்தான் இந்தக் கலையின் உயிர் இருக்கிறது.

அந்த இடத்தைக் காணக் கண்ணைப் பழக்க, பதுளை – பண்டாரவளை வீதியில் பழைய மொறிஸ் மைனர் எதிர்ப்பட்டால் நின்று பாருங்கள். 1948இல் வெளிவந்த அந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், உற்பத்தி தொடங்குவதற்குச் சற்று முன் பரீட்சார்த்தக் காரை நெடுக்காக இரண்டாக வெட்டி, பாதிகளை விலக்கி, 4 அங்குலம் அகலப்படுத்தினார். பொனட் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த வெட்டின் தழும்பு. தழும்பையே அவர் அழகான கோடாக்கிவிட்டார். 1952இல் மொறிஸும் ஒஸ்டினும் ஒரே நிறுவனமானதும், ஒஸ்டினின் 803 சிசி எஞ்சின் மைனருக்குள் வந்தது. முதலில் அகலமான வேறொரு எஞ்சினுக்காக வரைந்த கார் என்பதால் பொனட்டுக்குள் தாராளமாக இடம் உண்டு. இலங்கையில் பல மைனர்களில் ஜப்பானிய எஞ்சின் சிரமமின்றி உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி மாதிரிக்கு வருவோம். கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கி, பக்கவாட்டில் அதன் நிலையைப் பாருங்கள். கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் நிஜ ஹொட் ரொட்களை ஓட்டியவர்கள் பாரம் குறைய மட்கார்டைக் கழற்றினார்கள். காற்றின் தடை குறையக் கூரையைத் தாழ்த்தினார்கள். நிஜக் காரில் 10 சென்ரிமீற்றர் தாழ்த்துவது 1/25 அளவில் 4 மில்லிமீற்றர்தான். கூரைத் தூண்கள் சாய்ந்திருந்தால், வெட்டிய பிறகு மேல்பாதியும் கீழ்பாதியும் நேர்படாது. தூணின் கோடு முறியாமல் மேலேறுகிறதா? அங்கே கைத்திறன் தெரியும்.

அடுத்து அளவு. ஏஎம்டி நிறுவனத்தின் மாதிரிப் பெட்டிகள் பெரும்பாலும் 1/25. மொனோகிராம் நிறுவனத்தின் பெட்டிகள் பெரும்பாலும் 1/24. வித்தியாசம் சுமார் 4 சதவீதம். சக்கரத்தில் அது தெரியாமல் போகலாம். ஆசனமும் ஸ்டியரிங்கும் கதவும் சேரும் இடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு சாரதியை மனதில் உட்கார வைத்துப் பாருங்கள். முழங்கால் எங்கே போகும்?

பிறகு எஞ்சின். 1932 போர்டுக்குள் 1955 செவ்ரோலே வி8 இருந்தால், கராஜ் பாஸ் கேட்கும் கேள்விகளையே கேளுங்கள். புகைக்குழாய் எந்த வழியாக வெளியேறுகிறது? ஸ்டியரிங் தண்டு அதில் இடிக்கிறதா? ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் இடம் உண்டா? எஞ்சின் பெரிதானால் பிரேக்கும் பெரிதாக வேண்டும். பெரகலையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தப் பெட்டியிலும் இல்லாத ஓர் இணைப்பை, மாதிரியைச் செய்தவர் கம்பியை வளைத்தோ, பிளாஸ்டிக் தகட்டைச் சீவியோ தாமே செய்திருப்பார். அந்தத் துண்டைத் தேடிக் கண்டுபிடியுங்கள். முழுக் காரிலும் அதிகம் யோசித்துச் செய்தது அதுவாகவே இருக்கும்.

இப்போது பெயின்ட். கதவு இடுக்கின் கோடு பெயின்ட்டில் அடைபடாமல் கூர்மையாக நிற்க வேண்டும். மினுக்கும் துகள், காரின் அளவுக்கேற்றபடி பொடிப்பொடியாக இருக்க வேண்டும்.

எல்லாம் பார்த்தபின், எது எந்தப் பெட்டியில் வந்தது என்று முதலில் நீங்களே ஊகியுங்கள். பிறகு செய்தவரிடம் கேளுங்கள். உங்கள் ஊகம் எத்தனை இடத்தில் தவறுகிறதோ, அத்தனை இடத்திலும் அவர் வென்றிருக்கிறார். அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.