ஆபுத்திரனின் இரு பிறப்புகள்: வளர்ப்புப் பிள்ளையின் உளக்காயம் நோக்கில் ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையை 1898இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தார். அன்றுமுதல் ஆபுத்திரன் பெரும்பாலும் வேள்வி மறுப்பின் குரலாகவும் பசிப்பிணி நீக்கும் அறத்தின் உருவமாகவும் வாசிக்கப்பட்டு வருகிறான். இவ்விரு வாசிப்பும் பொருந்துவனவே. ஆயினும், அவன் ஒரு வளர்ப்புப் பிள்ளை என்னும் அடிப்படைச் செய்தி இவற்றில் பின்தங்கிவிடுகிறது. பெற்றோரைப் பிரிந்து வளரும் பிள்ளைகளின் உளக்காயம் குறித்து இன்று அறியப்பட்டுள்ளவற்றைத் துணைக்கொண்டு இக்கதையை மீண்டும் நோக்குவதும், ஜொகூர்த் தமிழாசிரியர்க்கு இது உணர்த்துவது யாது எனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்பிறப்பு: மூன்று கைவிடல்கள்

வாரணாசியிலிருந்து குமரி நோக்கி வந்த சாலி, ஈன்ற மகவை வழியிலேயே விட்டுச் செல்கிறாள். ஏழு நாள் பசுவொன்று பாலூட்டிக் காக்கிறது. வயனங்கோட்டு அந்தணன் இளம்பூதி குழந்தையைக் கண்டெடுத்து, இவன் பசுவின் மகனல்லன், தன் மகனே என்று மனைவியோடு மகிழ்கிறான். பதின்மூன்றாம் காதையில் வரும் இக்கூற்று அன்பின் மொழி என்பதில் ஐயமில்லை. ஆனால், பிள்ளையின் முன்வரலாற்றை அழித்தே அவ்வன்பு உரிமை கொண்டாடுகிறது என்பதையும் நாம் கவனித்தல் வேண்டும்.

இதன் விளைவு பின்னர்த் தெரிகிறது. வேள்விக்கெனக் கட்டப்பட்ட பசுவை ஆபுத்திரன் மீட்கிறான். சினந்த அந்தணர் அவனைப் பசுவின் மகன் என இழித்துரைக்கின்றனர். அவருள் ஒருவன் சாலியின் வரலாற்றை ஊரறியச் சொல்கிறான். தன் பிறப்பு உண்மை பகைவர் வாயிலாக, பழிச்சொல்லாக, அவனை வந்தடைகிறது. அவன் முனிவர் பலரின் பிறப்பை எடுத்துக்காட்டி நகைத்து விடையிறுக்கிறான். அவ்விடையில் வாதத்திறன் மிளிர்கிறது. அவன் வருத்தத்தைக் கேட்பார் எவருமில்லை. இளம்பூதியும் அவனை வீட்டைவிட்டு நீக்குகிறான். முன்வரலாற்றை மறுத்த அதே மனமே, அது வெளிப்பட்டபோது பிள்ளையையும் மறுத்தது.

தென்மதுரை அம்பலத்தில் பிச்சையேற்று, பேணுவார் அற்றோர்க்கு முதலில் ஊட்டி, எஞ்சியதை உண்டு, ஓட்டைத் தலைக்கு வைத்து உறங்குகிறான். பின்னர் அமுதசுரபி கிட்டுகிறது; நாடு செழித்தபின் உண்பார் இல்லை. சாவகம் செல்லக் கப்பலேறியவனை மணிபல்லவத்தில் தவறவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. தாய், தந்தை, கப்பல் என மும்முறை விடப்பட்டவன், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டு உண்ணாதிருந்து உயிர் துறக்கிறான். பிறரைப் பேணுதல் ஒன்றாலேயே தன் இருப்பை நிலைநாட்டியவன், பேணப்படுவார் இல்லாதபோது வாழக் காரணமற்றுப் போகிறான். இவ்விறப்பை ஈகையின் உச்சமாக மட்டும் கொள்வது போதாது.

உளக்காயம் பற்றிய இன்றைய அறிவு

1951இல் ஜான் பௌல்பி உலகச் சுகாதார நிறுவனத்திற்கு அளித்த அறிக்கை, நிலையான பராமரிப்பாளரோடு கொள்ளும் பிணைப்பு குழந்தையின் மனநலத்திற்கு இன்றியமையாதது என வலியுறுத்தியது. 1998இல் பெலிட்டி, அண்டா முதலியோர் வெளியிட்ட ஆய்வு, குழந்தைப் பருவத் துன்பங்களுக்கும் முதிர்பருவ நோய்களுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. இவ்வழியில் வளர்ந்த உளக்காயம் அறிந்த பராமரிப்பு, பிள்ளையின் முரண்பட்ட நடத்தையைக் குணக்கேடாகக் கொள்ளாமல், அதற்கு நேர்ந்தது யாது என வினவுகிறது. பிறப்பு உண்மையைப் பராமரிப்பாளரே, வயதுக்கேற்ப, இளமையிலிருந்தே கூறிவர வேண்டும் என்பதும், கூறியபின் உடனிருக்க வேண்டும் என்பதும் வளர்ப்புப் பிள்ளைகள் குறித்து இன்று பரவலாக ஏற்கப்பட்டவை.

பழைய காப்பியத்தின்மீது புதிய உளவியலைச் சுமத்துவதாகாதா எனச் சிலர் வினவலாம். ஆபுத்திரனுக்கு நோய்ப்பெயர் சூட்டினால் அவ்வாறாகும். ஆனால், ஒரே உயிரை இருமுறை வளர்ப்புப் பிள்ளையாக்கி ஒப்புநோக்க வைத்தவர் சாத்தனாரே.

சாவகத்துப் பிறப்பு

ஆபுத்திரன் சாவகத்தில் பசு வயிற்றில் மீண்டும் தோன்றி, மகப்பேறற்ற மன்னன் பூமிசந்திரனிடம் வளர்ந்து, புண்ணியராசனாகிறான். இருபத்தைந்தாம் காதையில் அவன் தன் பிறப்பை வளர்ப்புத் தாய் அமரசுந்தரியின் வாயால் கேட்டு வருந்துகிறான். அரசையும் துறக்க எண்ணுகிறான். எனினும், இம்முறை உண்மை அவனை வீட்டிலிருந்து நீக்கவில்லை. அமைச்சன் சனமித்திரன் அவன் சொல்லைச் செவிமடுத்து, நாட்டின் நிலையை நினைவூட்டுகிறான். மணிமேகலை மணிபல்லவத்தில் அவனோடிருந்து, மணல் மூடிய அவனது பழைய உடலின் எலும்பைக் காட்டுகிறாள். தன் முந்தைய துயரத்தைத் துணையோடு கண்டவன் நாடு திரும்பி ஆட்சி புரிகிறான்.

இரு பிறப்பிலும் பிறப்பு உண்மை ஒரு தன்மையதே. அதனைச் சொன்னவர் யார், சொன்னபின் உடன் நின்றவர் யார் என்பதே இரு முடிவுகளையும் வேறுபடுத்துகிறது. இதுவே இவ்வாசிப்பின் மையக் கருத்தாகும்.

ஜொகூர்ச் சூழல்

மலாயாவில் சீனக் குடும்பங்கள் கொடுத்த பெண்குழந்தைகளை இந்தியர் எடுத்து வளர்த்த வழக்கம் ஜொகூரிலும் நாம் அறிந்ததே. தமிழே தாய்மொழியாய், சேலையே உடையாய் வளர்ந்த அப்பெண்களின் முகமே அவர்தம் பிறப்பை ஊருக்கு அறிவித்தது. அவர்களை ஏற்ற தாய்மாரின் பரிவு போற்றத்தக்கது. ஆனால், அவ்வேற்பைப் பாராட்டும் நாம், அப்பெண்கள் எதிர்கொண்ட கேள்விகளையும் கேலிகளையும் போதிய அளவில் பதிவு செய்தோமா?

தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதார்க்குரிய 1952ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம், ஆணைக்கு முன் பிள்ளை தொடர்ந்து குறைந்தது மூன்று மாதம் மனுதாரரின் பராமரிப்பில் இருத்தல் வேண்டும் என்கிறது. 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம் குடும்பம் சார்ந்த பராமரிப்புக்கு இடமளித்தது. சட்டம் உறவை நிறுவும். அவ்வுறவில் உண்மையை எவ்வாறு பேசுவது என்பதைக் குடும்பமும் பள்ளியுமே கற்க வேண்டும்.

'என் குடும்பம்' எனக் கட்டுரை எழுதச் சொல்லும்போதும், குடும்ப மரம் வரையச் சொல்லும்போதும், எழுதாமல் அமர்ந்திருக்கும் மாணவனைச் சோம்பேறி என முடிவுகட்டுதல் எளிது. அம்மரத்தில் இரு வேர்களுக்கும் இடமளித்தல், விரும்பாதவர்க்கு வேறு தலைப்புத் தருதல், ஆசிரியர் அறையில் பிறப்பு வரலாற்றைப் பேச்சுப்பொருளாக்காமை ஆகியவை பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை.

முடிவுரை

உணவும் உடையும் உறையுளும் உயிர்களுக்கு அளிப்பதே அறம் என்று மணிமேகலை புண்ணியராசனுக்கு உரைக்கிறாள். நம் இல்லங்களும் வளர்ப்புக் குடும்பங்களும் இம்மூன்றையும் வழங்க அரும்பாடுபடுகின்றன. இளம்பூதியும் ஒருகாலத்தில் இம்மூன்றையும் வழங்கியவனே. பிள்ளையின் முன்வரலாற்றை அஞ்சாமல் கேட்டு உடனிருத்தலே அவன் வழங்கத் தவறியது. ஆபுத்திரனை வகுப்பில் அறிமுகப்படுத்தும் ஆசிரியர், அமுதசுரபியைப் பற்றிக் கூறுமுன் அவன் வீட்டைவிட்டு நீக்கப்பட்ட நாளைப் பற்றியும் பேசுவாராயின், கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு மாணவனுக்கேனும் அது தன் கதையாகத் தோன்றக்கூடும்.