பென்டிரைவ் மேல் பழி

யுஎஸ்பியிலிருந்து கணினி பூட் ஆகவில்லை, என்ன செய்வது என்று தேடிப் பாருங்கள். கட்டுரையோ வீடியோவோ, வருகிற பதில் ஒரே பட்டியல்தான்: போர்ட்டை மாத்துங்க, பென்டிரைவை மறுபடி ஃபார்மேட் பண்ணுங்க, பூட் ஆர்டரை மாத்துங்க, செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணுங்க. நாலும் தப்பான யோசனை இல்லை. ஆனால் கணினி எந்த இடத்தில் நின்றது என்று கேட்காமலே மருந்து எழுதுகிறார்கள். என் குறை அதுதான்.

பூட் மெனுவில் பென்டிரைவின் பெயரே வரவில்லையா? போர்ட்டைப் பாருங்கள், அல்லது அது எழுதப்பட்ட விதத்தை. பழைய பயாஸ் முறைக்காக எழுதியதை யுஇஎஃப்ஐ மட்டும் தெரிந்த இயந்திரம் கண்டுகொள்ளாது. லினக்ஸ் மெனு வரை வந்து அப்புறம் திரை இருண்டு போனால் பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவர் சமாச்சாரம். இந்த இரண்டும் பெரிய விஷயம் இல்லை. பெயர் வருகிறது, தேர்ந்தெடுத்ததும் மறுக்கிறது என்றால்தான் பட்டியல் வைத்தியம் ஆளைக் கவிழ்க்கும்.

2024 ஆகஸ்ட்டில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்த பிறகு, முந்தின நாள் வரை எழுந்த லினக்ஸ் பென்டிரைவ்கள் சில கணினிகளில் எழவில்லை. திரையில் வந்த செய்தியின் முடிவு, ஏதோ பெரிய தப்பு நடந்துவிட்டது என்கிற பொருளில் இருந்தது. என்ன தப்பு, யார் செய்தது? அதைச் சொல்லாமல் இயந்திரம் அணைந்துபோகும்.

நடந்தது இது. செக்யூர் பூட் உள்ள கணினியில் லினக்ஸை முதலில் எழுப்புவது ஷிம் என்ற சின்ன நிரல். அதற்கு ஒரு தலைமுறை எண் உண்டு. க்ரப் பூட்லோடரில் 2022-இல் தெரியவந்த ஒரு ஓட்டையை அடைக்க, எந்த எண்ணுக்குக் கீழே அனுமதி இல்லை என்பதை அந்த அப்டேட் மதர்போர்டின் நினைவகத்திலேயே எழுதி வைத்தது. பென்டிரைவில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாறியது கணினி. அதே பழைய ஐஎஸ்ஓவைப் பத்து தடவை எழுதினாலும் பலன் இருக்காது. விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போட்டாலும் அந்த எண் அங்கேயே இருக்கும். இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவர்களுக்கு இது வராது என்றுதான் மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. வந்தது. முழுத் தீர்வு 2025 மே மாத அப்டேட்டில்தான் கிடைத்தது.

செக்யூர் பூட்டை அணைத்தால் எழுந்துவிடும், உண்மை. ஆனால் இந்த வழிகாட்டிகள் ஒரு வரியை விட்டுவிடுகின்றன. பல புது லேப்டாப்களில் பிட்லாக்கர் வகைக் குறியாக்கம் உரிமையாளருக்கே தெரியாமல் இயங்கிக்கொண்டிருக்கும். செக்யூர் பூட்டில் கை வைத்தால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். சாவி இல்லையென்றால் டிஸ்கில் இருக்கிற கல்யாண போட்டோவும் கணக்கு வழக்கும் போச்சு. பென்டிரைவ் எழவில்லை என்று ஆரம்பித்த ஆளுக்கு இது நியாயமா?

அதனால் முதலில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, புது வெளியீட்டின் ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதிப் பாருங்கள். அதற்கும் மறுத்தால் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்துவிட்டு, அப்புறம் செக்யூர் பூட் பக்கம் போகலாம்.